வேர் முடிச்சுகள்

குளிர்காலம் முடியும் நாள்களில், வட இந்தியக் கடைத்தெருக்களில் பச்சைக் கொண்டைக்கடலைச் செடிகள் கட்டுக்கட்டாக விற்கப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். 'ஹரா சனா' என்று கூவி விற்பர். காய்களை உரித்து உண்டபின் செடியை எறிந்துவிடுகிறோம். வேரில் நடந்த வேலையே காய்க்குள் பருப்பாகத் திரண்டது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

அவ்வேலையைக் காண, செடி பூக்கும் பருவத்தில் வயலுக்குச் செல்ல வேண்டும். செடியைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால், காண வேண்டியது மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும். சுற்றிலும் தோண்டி, மண்கட்டியோடு எடுத்து, நீரில் மெல்ல அலசினால், வேர்களில் சிறு முடிச்சுகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரியும்.

காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன் உள்ளது. புரதம் உண்டாக்க எல்லாப் பயிர்களுக்கும் நைட்ரஜன் வேண்டும். எனினும், காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிகளால் நேரே பயன்படுத்த இயலாது. அதன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்துள்ளன. உரத் தொழிற்சாலையில் அப்பிணைப்பைப் பிரிக்க 400 பாகை செல்சியசு அளவிலான வெப்பமும் மிகுந்த அழுத்தமும் தேவை. முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் வகைப் பாக்டீரியாக்களோ, அதே வேலையை வயலின் இயல்பான வெப்பத்திலேயே செய்துவிடுகின்றன. 1888ஆம் ஆண்டில் நெதர்லாந்து அறிஞர் பெய்யரிங்க் இவற்றைத் தனியே பிரித்தெடுத்தார்.

இவை வேரில் தாமாகப் புகுவதில்லை, செடியே அழைக்கிறது. வேர் சில வேதிப்பொருள்களை மண்ணில் கசியவிடுகிறது. அதை உணரும் பாக்டீரியா, மறுமொழியாக வேறொரு பொருளைச் சுரக்கிறது. உடனே வேர்த்தூவி வளைந்து அதனைச் சூழ்ந்துகொள்கிறது. தூவிக்குள் ஒரு மெல்லிய குழல் உண்டாக, அதன் வழியே பாக்டீரியாக்கள் உட்சென்று பெருகுகின்றன. செடி அவற்றுக்குச் சர்க்கரை தருகிறது. அவை செடிக்கு நைட்ரஜன் சத்தைத் தருகின்றன.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நைட்ரஜனைப் பிரிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆக்சிஜன் இன்றேல் பாக்டீரியா சுவாசிக்க இயலாது. எனவே, லெக்ஹீமோகுளோபின் என்னும் புரதம் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு அளவாகக் கொடுக்கிறது. நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபினுக்கு இது உறவு. நீங்கள் கண்ட இளஞ்சிவப்பு இதனுடையதே.

செடி மிகவும் சிக்கனமானது. வயலில் யூரியாவை மிகுதியாக இட்டால், எளிதில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு முடிச்சுகள் உண்டாக்குவதைக் குறைத்துவிடும். உழவர் உரத்திற்குப் பணம் செலவழித்து, இலவசமாகக் கிடைத்ததை இழக்கிறார்.

ஏற்ற பாக்டீரியா மண்ணில் இல்லாவிடினும் முடிச்சுகள் தோன்றா. கொண்டைக்கடலைக்கு உதவுவது சோயாவுக்கு உதவாது. மத்தியப் பிரதேசத்தில் 1970களுக்குப் பின் சோயா பெருமளவில் பரவியபோது, அப்பயிர் விளைந்தறியாத வயல்களுக்கு அதற்குரிய பாக்டீரியாவை விதையோடு சேர்த்தே அனுப்ப வேண்டியிருந்தது. வெல்லக் கரைசலிலோ ஆறிய கஞ்சியிலோ நுண்ணுயிர் உரத்தைக் குழைத்து, விதைகளில் பூசி, நிழலில் உலர்த்தி விதைப்பர். வெயிலில் உலர்த்தினால் பாக்டீரியாக்கள் மடியும்.

பயறு விளைந்த நிலத்தில் நைட்ரஜன் முழுவதும் தங்கிவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் பெரும்பகுதி விதைக்கே செல்கிறது. பருப்பில் புரதம் மிகுந்திருப்பது அதனால்தான். மண்ணுக்குக் கிடைப்பது உதிர்ந்த இலைகளிலும் எஞ்சிய வேர்களிலும் உள்ளதே.

காய் முற்றும்போது, செடி முடிச்சுகளுக்குச் சர்க்கரை அனுப்புவதைக் குறைக்கிறது. உள்ளிருந்த இளஞ்சிவப்பு பச்சையாகி, பின்னர்ப் பழுப்பாகிறது. முடிச்சு சிதைய, பாக்டீரியாக்கள் மண்ணுக்குத் திரும்பி, அடுத்த வேரின் அழைப்பு வரும்வரை அங்கே வாழ்கின்றன.