கடலில்லா ஊரும் கடல் நீந்தும் வீரமும்

அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்து அன்பர்களிடம் கடல் நீச்சலைப் பற்றிப் பேச்செடுத்தால், "எங்கள் பக்கத்தில் கடல் ஏது, ஐயா?" என்று சிரிப்பார்கள். வாஸ்தவந்தான். ஆயினும் அவர்கள் நிற்கும் பூமியே ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது. சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்த சிப்பி முதலிய கடல் ஜந்துக்கள் கல்லாய்ச் சமைந்து இன்றும் அரியலூர் மண்ணில் கிடைக்கின்றன.

கடல் நீந்துவதற்குக் கடற்கரையில் பிறந்திருக்க வேண்டியதில்லை. ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரனே அதற்கு அத்தாட்சி. 1994-ஆம் வருஷம், பதின்மூன்று வயது நிறையாத அச்சிறுவர் நமக்கும் இலங்கைக்கும் இடையேயுள்ள பாக் ஜலசந்தியைக் கடந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 15-ந் தேதி, சுதந்திரத் திருநாளன்று, ஆங்கிலக் கால்வாயையும் கடந்தார். ஒரே வருஷத்தில் ஆறு கடற்பாதைகளை நீந்தி, 1966-இல் ஐந்தைக் கடந்திருந்த வங்காளத்து வக்கீல் மிஹிர் சென்னின் சாதனையை முந்தினார். தேசம் அவருக்கு அர்ஜுனா விருது அளித்துப் பெருமை கொண்டது.

இந்நீச்சல் எத்தகையது என்பதை நம் வீட்டுக் குழந்தைகள் அறிய வேண்டும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர். மிஹிர் சென்னுக்கு அதைக் கடக்க 25 மணி 36 நிமிஷம் ஆயிற்று. அருகே படகு வரும். அதில் பயிற்சியாளரும், விதி தவறாமல் நடக்கிறதா என்று கவனிக்கும் மத்தியஸ்தரும் இருப்பார்கள். ஆனால் நீந்துபவர் படகை ஒருமுறை தொட்டுவிட்டாலும் முயற்சி முடிந்தது! ஆகாரத்தைக் கழி நுனியிலோ கயிற்றிலோ கட்டி நீட்டுவார்கள்; மிதந்தபடியே பருக வேண்டும். இரவில் கரை தெரியாது. சொறிமுட்டைகள் உடம்பைத் தீயாய்ச் சுடும். நீரோட்டம் திரும்பினால் ஒரு மணி நேரம் நீந்தியும் இருந்த இடத்திலேயே இருக்க நேரும். கைவலிமையைக் காட்டிலும் மனோதிடமே அப்போது துணை.

இதற்குக் கல்கத்தாவின் ஆரதி ஸாஹாவைவிடச் சிறந்த உதாரணம் நாம் அறியோம். 1959 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயில் நடந்த சர்வதேசப் பந்தயத்தில் அவர் இறங்கினார். அவருடைய வழிகாட்டிப் படகு தாமதமாக வந்ததால் அனுகூலமான நேரம் கழிந்துவிட்டது. இங்கிலாந்துக் கரைக்கு ஐந்து மைல் இருக்கையில் எதிர்நீரோட்டம் மறித்தது. எவ்வளவோ போராடியும் பயனின்றி, முயற்சியைக் கைவிட்டார். கரையை அவ்வளவு சமீபத்தில் விட்டுத் திரும்புவது எத்தனை கசப்பு! ஆனால் அப்பெண்மணி வீட்டுக்குப் போய்விடவில்லை. அதே கால்வாயில் செப்டம்பர் 29-ந் தேதி மீண்டும் இறங்கினார். 16 மணி 20 நிமிஷத்தில் கரை சேர்ந்து, கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண்மணி என்னும் கீர்த்தியைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 19.

தீரத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லாமல் விடுவது தர்மமாகாது. 1971-இல் பாக் ஜலசந்தியை நிற்காமல் போகவும் வரவும் நீந்திய வல்வெட்டித்துறை வீரர் குமார் ஆனந்தன், 1984-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிர் துறந்தார். எத்தனை பெரிய வீரனுக்கும் கடல் கடலேதான்.

அரியலூர்ச் சிறுவன் கடலைக் கடக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. தன் ஊர்த் தண்ணீரில் மூழ்காமல் இருக்கக் கற்கட்டும், அது போதும். முன்னாளில் தகப்பனார் பிள்ளையின் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிக் கற்றுக் கொடுப்பார். இன்று ஆழ்குழாய் வந்து பல கிணறுகள் வற்றின. அவற்றோடு அந்தப் பாடமும் வற்றிற்று. ஆனால் ஆபத்து வற்றவில்லை. சுண்ணாம்புக்கல் எடுத்துக் கைவிட்ட பள்ளங்களில் மழைநீர் ஆழமாய் நிற்கிறது. செங்குத்தான அதன் ஓரத்தில் கால் ஊன்ற இடமில்லை. கொள்ளிடத்தின் மணற்குழிகளும் அப்படியே. விடுமுறையில் விளையாடப் போன குழந்தைகள் திரும்பாத வீடுகள் நம் நாட்டில் எத்தனை!

ஆகவே பெற்றோருக்கு நம் விண்ணப்பம் இதுதான். அத்தகைய பள்ளங்களுக்குப் பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள். வருகிற கோடையில், நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கூடவே நிற்க, ஆழமில்லாத நீரில் கற்பியுங்கள். பெண் குழந்தைகளுக்கு அவசியம் கற்பியுங்கள். ஆரதியும் ஒரு வீட்டுப் பெண்தானே! அவர்களில் ஒருவர் பிற்காலத்தில் ஜலசந்தியைக் கடந்தால் தேசத்துக்குப் பெருமை. அத்தனை பேரும் மாலையில் பத்திரமாக வீடு திரும்பினால், அது அதனினும் பெரிய வெற்றி.