ஓரம் தாழ்த்தினால் நடு உயரும்: புனே வீடுகளில் டிரே சீலிங்

அறையின் நான்கு ஓரமும் தாழ்ந்து, நடுப்பகுதி மட்டும் மேலேறி நிற்கும் உள்கூரைக்கு இன்டீரியர் தொழிலில் டிரே சீலிங் என்று பெயர். தனி வீடு கட்டுகிறவர் கூரையையே நடுவில் உயர்த்திக் கட்டிக்கொள்ளலாம். அடுக்குமாடியில் அதற்கு வழியில்லை. நம் கூரைதான் மேல் வீட்டுக்காரரின் தரை. கோத்ரூட், பாணேர், வாக்கட், ஹடப்சர் என்று புனேயில் எந்தப் பகுதிக் குடியிருப்பை எடுத்துக்கொண்டாலும் நடுப்பகுதி இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. ஓரத்தை மட்டும் ஜிப்சம் போர்டாலோ பி.ஓ.பி. எனப்படும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸாலோ கீழே இறக்குகிறார்கள். உயரம் கூடியது போலத் தெரிந்தாலும் உண்மையில் அது குறைந்திருக்கிறது.

எவ்வளவு குறையலாம் என்பதில்தான் வேலையின் வெற்றி தோல்வி இருக்கிறது. வசிக்கும் அறைக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்கும் குறைந்தபட்ச உயரம் 2.75 மீட்டர், ஏறக்குறைய 9 அடி. ஏசி அறையென்றால் 2.4 மீட்டர். பல குடியிருப்புகளில் இந்த 9 அடிக்கு மேல் சில அங்குலம் கிடைத்தாலே அதிகம். ஓரத்தில் 6 அங்குலம் இறக்கினால் எட்டரை அடி மிஞ்சும். இரண்டு படி வைத்து 10 அங்குலம் இறக்கினால் 8 அடி 2 அங்குலம். ஆறடி மனிதர் கையைத் தூக்கி லேசாக எம்பினால் விரல் இடிக்கும். 12 அடிக்கு 10 அடி படுக்கையறையில் இப்படிச் செய்தால் அறை சுருங்கிப்போகும். அலமாரிக்கு மேலுள்ள லாஃப்ட் கதவு திறக்கும்போது ஓரத்தில் முட்டுவது இன்னொரு தொல்லை. அளவெடுக்கும் நாளிலேயே எல்லாக் கதவுகளையும் முழுக்கத் திறந்து பார்த்துவிட வேண்டும்.

பாரம் தாங்காத, கண்ணுக்காக மட்டுமே செய்த உள்கூரை இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. புனேயிலிருந்து போகும்போது லோணாவளாவுக்கு முந்தைய மளவ்லி ரயில் நிலையத்தில் இறங்கினால் ஒரு பக்கம் பாஜா குகை, மறுபக்கம் கார்லே குகை. இரண்டிலும் சைத்தியம் எனப்படும் பௌத்த வழிபாட்டு மண்டபம் மலையைக் குடைந்து செய்தது. பாறையே கூரையாக நிற்க, அதற்கு விட்டமோ வளைவோ தேவையே இல்லை. ஆனாலும் மரக் கட்டடங்களின் சாயல் வேண்டும் என்பதற்காக வளைந்த மரச் சட்டங்களை வரிசையாகப் பொருத்தியிருக்கிறார்கள். சுமார் இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்தும் அவற்றில் பல இன்னும் மேலேயே இருக்கின்றன. பாஜாவின் சட்டங்களில் பழைய பிராமி எழுத்துகளும் கிடைத்துள்ளன. இன்றைய மொழியில் சொன்னால் இது ஃபால்ஸ் சீலிங்தான். இதே மாநிலத்து அஜந்தாவில் முதல் குகையின் தட்டையான கூரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஓவியம் தீட்டி, தளத்துக்குப் பலகை அமைப்பின் தோற்றத்தைத் தந்தார்கள். ரோமின் பாந்தியன் கோவிலில் இத்தகைய கட்டங்கள் குழிகளாகவே இருக்கின்றன, அவற்றுக்கு வேறு வேலை: குவிமாடத்தின் உட்புறத்தில் ஐந்து வரிசையாக 140 குழிகள் அமைத்தது அழகுக்கு மட்டுமல்ல, கான்கிரீட்டின் எடையைக் குறைக்கவும்தான்.

பேஷ்வா காலத்துப் புனேயில் வாடா எனப்படும் முற்றத்து வீடுகளுக்குக் கூரையே அலங்காரம். தேக்குக் கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே பலகை பரப்பிய இந்த முறையை மராத்தியில் கடிபாட் என்பார்கள். செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்கு உத்தரங்களைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. பேஷ்வாக்களின் அமைச்சர் நானா ஃபட்னவீஸின் நானா வாடாவிலும், கடைசிப் பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் கட்டிய விஷ்ராம்பாக் வாடாவிலும் அந்தக் காலத்து மரவேலையை இன்றும் காணலாம். பேஷ்வாக்களின் அரண்மனையான சனிவார் வாடாவின் மர மேல்மாடிகளை 1828-ஆம் ஆண்டுத் தீ கொண்டுபோய்விட்டது. 1961 ஜூலை 12 அன்று பான்ஷேத் அணை உடைந்து வந்த வெள்ளத்தில் ஆற்றையொட்டிய பேட்டைகளின் பழைய வீடுகள் ஏராளமாக விழுந்தன. அதன் பின் நகரம் கான்கிரீட்டில் வளர்ந்தது. கூரை தட்டையான வெள்ளைத் தளமாயிற்று. அந்த வெறுமையை நிரப்ப வந்ததுதான் பி.ஓ.பி.

ராஜஸ்தானில் பெருமளவில் வெட்டி எடுக்கும் ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரி வெப்பத்தில் வறுத்தால் அதன் நீரில் பெரும்பகுதி வெளியேறி பி.ஓ.பி. பொடியாகும். தண்ணீர் சேர்த்ததும் மீண்டும் இறுகிக் கல்லாகும். வளைவும் நெளிவும் கையாலேயே இழுக்கலாம் என்பதால் கைத்தேர்ச்சி உள்ளவருக்கு இது நல்ல பொருள். அந்த வசதியே வினையும் ஆயிற்று: மூன்று படிகள், முட்டை வடிவக் குழி, மூலைக்கு மூலை பூ, உள்ளே நீலமும் ஊதாவுமாக விளக்கு. இன்று 'பழைய சீலிங்கைப் புதுப்பிக்க வேண்டும்' என்று கேட்கிற வீடுகளில் பெரும்பாலானவை இந்த வகை. அவற்றுக்குச் செய்ய வேண்டியது கூட்டுவதல்ல, கழிப்பது. கூடுதல் படிகளை வெட்டி எடுத்து, ஒரே படியும் நேர்கோடும் மிஞ்சும்படி செதுக்கினால் பாதி வேலை முடிந்துவிடும். தட்டிப் பார்த்து வெற்றுச் சத்தம் கேட்கும் இடங்களையும் விரிசல் ஓடிய இடங்களையும் பூசி மூடாமல் இடித்துவிடுவதே நல்லது. தலைக்கு மேல் தொங்கும் பொருளில் ஒட்டுவேலைக்கு இடமில்லை.

புதிதாகச் செய்வதென்றால் ஜிப்சம் போர்டு சுலபம். 12.5 மில்லிமீட்டர் தடிமன் போர்டை ஜி.ஐ. எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டத்தில் திருகுவார்கள், போர்டைப் பிடிக்கும் சட்டங்களுக்கு இடையே சுமார் 45 சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். காசு மிச்சம் பிடிக்க இந்த இடைவெளியைக் கூட்டும் ஆட்கள் உண்டு. பிற்பாடு சீலிங் அலையலையாகத் தொய்வது அதனால்தான். இணைப்புகளில் பேப்பர் டேப் ஒட்டாமல் வெறும் புட்டி பூசினால் ஒரே கோடையில் கோடு விழும். குளியலறைப் பக்கம் பச்சை நிற ஈரத்தடுப்பு போர்டு போடலாம். ஈரத்தைத்தான் அது பொறுக்கும், ஒழுகலை அல்ல.

புனேயின் புதிய கோபுரங்கள் பலவற்றை மிவான் எனப்படும் அலுமினிய அச்சு முறையில் கட்டுகிறார்கள். சுவரும் தளமும் சேர்ந்தே வார்க்கப்படும். மின்குழாய்கள் கான்கிரீட்டுக்குள்ளேயே புதைந்திருக்கும். பில்டர் தந்த மின்வரைபடத்தைப் பார்க்காமல் தளத்தில் துளை போடுவது ஆபத்து.

டிரே சீலிங்கின் உயிர் அதன் விளிம்பில் ஒளிந்திருக்கும் விளக்கில் இருக்கிறது. கோவ் லைட் எனப்படும் இந்த மறைவிளக்கு நேரே கண்ணில் படாமல், மேல்தளத்தில் பட்டுத் திரும்பி வர வேண்டும். எல்.இ.டி. ஸ்ட்ரிப்புக்கும் மேல்தளத்துக்கும் 10 முதல் 15 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். குறைந்தால் விளிம்பை ஒட்டி வெள்ளைக் கோடும் நடுவில் இருட்டுமாகத் தெரியும். உள்ளே பளபளப்பான பெயின்ட் அடித்தால் எல்.இ.டி. புள்ளிகள் ஒவ்வொன்றும் அதில் பிரதிபலிக்கும். மேட் பெயின்ட்தான் சரி. நீளமான ஹாலில் 12 வோல்ட் ஸ்ட்ரிப் போகப் போக மங்கும், 24 வோல்ட் அவ்வளவு மங்காது. நிறத்துக்கு 3000 கெல்வின் போதும். 6500 கெல்வின் வெள்ளை அலுவலகத்துக்குரியது. ஹிஞ்சவடி அலுவலகத்தில் பகலெல்லாம் அதன் கீழ் உட்கார்ந்து வருகிறவருக்கு வீட்டிலும் அதுவே எதற்கு? நிறம் மாறும் ஆர்.ஜி.பி. ஸ்ட்ரிப்பைப் பொங்கிய ஆசையில் போட்டுவிட்டு இரண்டாம் மாதத்துக்குப் பின் யாரும் இயக்குவதில்லை. ஸ்ட்ரிப்புக்கு மின்சாரம் தரும் டிரைவரைக் கை எட்டும் இடத்தில் வைப்பது முக்கியம். முதலில் பழுதாவது பெரும்பாலும் அதுதான். புத்வார் பேட்டையின் தப்கீர் கல்லியில் இந்தச் சாமான்கள் எல்லாமே கிடைக்கும்.

வண்ணத்தில் ஒரே விதி உயரம் சார்ந்தது. 9 அடிக்குக் குறைந்தால் நடுக்குழியும் ஓரமும் ஒரே வெள்ளையாக இருக்கட்டும். பத்தடி இருந்தால் குழிக்குள் ஒரு படி அடர்ந்த சாம்பலோ மணல் நிறமோ தரலாம். கடிபாட்டை நினைவூட்ட மரப்பட்டைகளை ஒட்டும் பழக்கம் புனேயில் பரவிவருகிறது. நடுக்குழிக்குள் மட்டும், ஒரே திசையில், இடைவெளி விட்டு ஒட்டினால் எடுப்பாக இருக்கும். ஓரத்திலும் சேர்த்து ஒட்டினால் அறை அமுங்கிவிடும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் எதையும் இடிக்காமல் பெயின்டையும் ஸ்ட்ரிப்பையும் மாற்றினாலே போதும்.

ஏப்ரல், மே வெயிலுக்கு மின்விசிறி தவிர்க்க முடியாதது. அதன் கொக்கி கான்கிரீட் தளத்திலிருந்தே இறங்க வேண்டும், போர்டில் ஒருபோதும் மாட்டக் கூடாது. இறக்கைக்கும் மேல்தளத்துக்கும் சுமார் ஓரடி இடைவெளி இல்லாவிட்டால் காற்று இறங்காது. குழியின் அகலம் இறக்கை வட்டத்தைவிடத் தாராளமாக இருப்பதும் அவசியம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைதான் கடைசிப் பரீட்சை. மேல்மாடி வீட்டிலும், மேலே குளியலறை உள்ள அறையிலும் ஒரு மழைக்காலம் முழுக்கத் தளம் காய்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே சீலிங் போட வேண்டும். போர்டு மூடிவிட்டால் கசிவு பல மாதம் தெரியாது. தெரியும்போது போர்டு ஊறிப்போயிருக்கும். புதுக் குடியிருப்பில் வீடு ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் காட்டும் கட்டுமானக் குறையைப் பில்டர் கட்டணமின்றி 30 நாளில் சரிசெய்து தர வேண்டும் என்கிறது ரேரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. அதனால் சீலிங் போடும் முன் வெறும் தளத்தைத் தேதியுடன் படம் எடுத்து வையுங்கள். சட்டம் பொருத்தி வயர் இழுத்ததும், போர்டு மூடுவதற்கு முன் இன்னொரு முறை படம் எடுத்துக்கொண்டு, அதன் பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.