பாரத்தைப் பங்கு போடும் வண்டி

சாணார்பட்டி டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். நத்தம் பக்கமிருந்து திண்டுக்கல்லை நோக்கி, முதுகில் ஒரு பொக்லைனைச் சுமந்துகொண்டு, நீளமான டிரெய்லர் ஒன்று மெல்லப் போனது. சக்கரங்களை எண்ணிப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்ட அக்கா மகன் கேட்டான்: “இத்தனை சக்கரம் எதுக்கு மாமா? பெரிய எஞ்சினா ஒண்ணு வச்சாப் போதாதா?”

பாலிடெக்னிக்கில் படிக்கிற பையன். கேள்வி சரியானதுதான். பெரும்பாலானவர்கள் எஞ்சினைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் கனரக வண்டியின் வரலாறு முழுக்க, பாரத்தை எப்படிப் பங்கு போடுவது என்பதுதான். இழுப்பது அதற்கு அடுத்த வேலை.

“மாப்ள, நாற்று நட உழுது வச்ச சேத்து வயல்ல இறங்கினா என்ன ஆகும்?” என்றேன். முழங்கால் வரை புதையும். அதே ஆள் பரம்புப் பலகை மேல் ஏறி நின்றால் புதைவதில்லை. ஆளின் எடை மாறவில்லை, எடை விழும் இடம் விரிந்திருக்கிறது. தார்ச்சாலையும் ஒரு வகையில் வயல்தான், கொஞ்சம் கெட்டியான வயல். அதனால்தான் சட்டம் வண்டியின் மொத்த எடையோடு நிற்காமல், ஒவ்வொரு அச்சுக்கும் தனி வரம்பு வைத்திருக்கிறது. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 2018-ல் திருத்திய வரம்பு 11.5 டன். டயர் ஒன்றுக்கு மூன்று டன்னுக்குச் சற்றுக் குறைவு.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழ்நாடே வேடிக்கை பார்த்த ஒரு பயணத்துக்கு வருவோம். வந்தவாசி அருகே கொரக்கோட்டையில் வெட்டியெடுத்த ஒற்றைக்கல். பெருமாளின் முகமும் கைகளும் பாதி செதுக்கிய நிலையில், சுமார் 350 டன் எடை, 64 அடி நீளம். பெங்களூரு ஈஜிபுராவில் உள்ள கோதண்டராமசாமி கோயிலுக்குப் போக வேண்டும். 2018 கடைசியில் கிளம்பிய அந்தக் கல், 2019 ஜூனில்தான் போய்ச் சேர்ந்தது. பஸ்ஸில் ஒரு பகலில் போய்விடக்கூடிய தூரத்துக்கு ஆறு மாதம். அதைச் சுமந்தது 240 டயர் கொண்ட வண்டி.

350 டன்னை 240-ஆல் வகுத்தால் டயருக்கு ஒன்றரை டன். டிரெய்லரின் சொந்த எடையையும் சேர்த்தால் இரண்டு டன்னை ஒட்டி வரும். நம் ஊர் மாங்காய் லாரி சட்டப்படி முழுப் பாரம் ஏற்றிக்கொண்டு போகும்போது அதன் பின் டயர் சாலையை அழுத்துவதைவிட, அந்தப் பெருமாள் சிலையின் டயர் குறைவாகவே அழுத்தியிருக்கிறது. இதைச் சொன்னதும் பையன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

ஆனால் வெறுமனே 240 டயரை மாட்டிவிட்டால் பங்கு சமமாக விழாது. சாலை ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். மேட்டில் ஏறிய சக்கரம் மொத்தப் பாரத்தையும் தாங்கும், பள்ளத்தில் இருப்பது சும்மா தொங்கும். பாரம் ஓரிடத்தில் குவிந்தால் அந்த டயர் வெடிக்கும். கொரக்கோட்டையிலேயே டயர்கள் வெடிக்கத்தான் செய்தன.

இதற்குக் கண்டுபிடித்த வழி கொத்தனார் கையில் இருக்கும் மட்டக்குழாய் போன்றது. குழாயின் இரண்டு முனையையும் எங்கே பிடித்தாலும் உள்ளே தண்ணீர் தானே சமமட்டத்துக்கு வந்துவிடும். ஹைட்ராலிக் டிரெய்லரில் ஒவ்வொரு அச்சின் மேலும் ஒரு எண்ணெய் உருளை இருக்கிறது. அந்த உருளைகளைத் தொகுதி தொகுதியாகக் குழாய்களால் இணைத்திருக்கிறார்கள். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் அதன் உருளையிலிருந்து எண்ணெய் நகர்ந்து, பள்ளத்தில் இருக்கும் சக்கரத்தின் உருளைக்குப் போய் அதைக் கீழே இறக்கும். ஒரு தொகுதிக்குள் எல்லா உருளையிலும் அழுத்தம் ஒன்றே, ஆகவே அதன் எல்லாச் சக்கரத்திலும் பாரமும் ஒன்றே. சாலை மேடு பள்ளமாக இருந்தாலும் மேலே இருக்கும் சாமானின் மட்டம் அதிகம் மாறாது. ஜெர்மனியின் ஷாயர்லே, கோல்ட்ஹோஃபர், பிரான்ஸின் நிக்கோலா போன்ற நிறுவனங்கள் பெயர் வாங்கியது இந்த வேலையில்தான். என்னைக் கேட்டால், கனரக வண்டி வரலாற்றில் எந்த எஞ்சினையும்விடப் பெரிய கண்டுபிடிப்பு இந்த எண்ணெய்க் குழாய்தான்.

இது வருவதற்கு முன் எப்படி? 1929-ஐ ஒட்டி இங்கிலாந்தின் ஸ்கேமல் நிறுவனம் 100 டன் சுமக்கும் இரண்டு வண்டிகளைச் செய்தது. எஞ்சின் 80 குதிரைத்திறன்தான், இன்றைய சிறிய காரின் அளவு. வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டரை எட்டாது. டிரெய்லரின் பின்பகுதியைத் திருப்ப, பின்னாலேயே ஒருவர் உட்கார்ந்து தனி ஸ்டியரிங் பிடித்தார். ரயில் எஞ்சின்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனவை அந்த வண்டிகள்.

நம் திண்டுக்கல் மாவட்டத்துக்கும் இதில் பங்குண்டு. பெரியாறு அணை 1887-க்கும் 1895-க்கும் இடையே கட்டப்பட்டபோது, தளவாடங்கள் ரயிலில் வந்து இறங்கியது அம்மையநாயக்கனூரில், இன்றைய கொடைக்கானல் ரோடு நிலையத்தில். அங்கிருந்து கம்பம் பள்ளத்தாக்குக்கு மாட்டு வண்டிகள். மலையேற்றத்துக்குக் கம்பிவடம். அந்தக் காலத்தில் பாரத்தைப் பங்கு போட எளிய வழி, சாமானையே சிறு சிறு சுமையாகப் பிரிப்பதுதான். ஒரு வண்டிக்கு ஒரு வண்டிப் பாரம், அப்படி எத்தனையோ நடை.

“இப்பவும் பிரிச்சே கொண்டுபோகலாமே?” என்றான். எல்லாவற்றையும் பிரிக்க முடியாது என்பதுதான் சிக்கலே. திருச்சி பெல் ஆலை செய்யும் 500 மெகாவாட் கொதிகலனின் டிரம் 200 டன்னைத் தாண்டும். கனமான இரும்புத் தகடுகளை வளைத்து, பற்றவைத்து, உலையில் பதப்படுத்திச் செய்வது. அதை மின்நிலையத்து மைதானத்தில் வைத்து ஒட்ட முடியாது. பெரிய டிரான்ஸ்பார்மரும் அப்படியே. எண்ணெயை வடித்து எடையைக் குறைக்கலாம். ஆனால் உள்ளே ஈரம் புகாமல், உலர்ந்த காற்றையோ நைட்ரஜனையோ நிரப்பி, தொட்டியை முழுசாக மூடியபடிதான் கொண்டுபோக வேண்டும். நம் வீட்டில் விளக்கு எரிவதற்குப் பின்னால் இப்படி ஊர்ந்து வந்த ஒரு வண்டி இருக்கிறது.

இழுவைக்கு வருவோம். சமதளத்தில் நல்ல சாலையென்றால், எடையில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு விசை இருந்தால் நகரும். சிலையும் டிரெய்லருமாக 450 டன் என்று வைத்துக்கொண்டால், ஐந்து முதல் ஒன்பது டன் இழுவை. ஆனால் இருபதுக்கு ஒன்று ஏற்றம் வந்தால் கூடவே இன்னும் 22 டன் வேண்டும். அதனால்தான் முன்னால் ஒன்றோ இரண்டோ புல்லர் என்ற இழுவை வண்டி, பின்னால் தள்ள ஒன்று. புல்லரின் முதுகில் சும்மா ஒரு இரும்புப் பாரத்தை ஏற்றியிருப்பார்கள். எஞ்சினுக்கு எவ்வளவு வலு இருந்தாலும், சக்கரம் தரையைக் கவ்வாவிட்டால் அதே இடத்தில் சுழலும்.

திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் அந்நியமாக இருக்காது. 96 அடி உயரம், சுமார் 300 டன், நான்கு இரும்புச் சக்கரங்கள். சக்கரத்துக்கு 75 டன். வடம் பிடிக்க ஆயிரம் கை, திருப்ப முட்டுக்கட்டை. அதற்கு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது அதே திருச்சி பெல்தான். மாடவீதியை விட்டு வெளியே போகாத வண்டி என்பதால் நான்கு சக்கரம் போதுகிறது.

வெளியே போகும் வண்டிக்குப் பெரிய எதிரி பாலம். இந்தியச் சாலை காங்கிரஸின் பாலவிதிகளில் 385 டன் சிறப்பு வண்டி என்று ஒரு கணக்கே இருக்கிறது. அது பாலத்தின் நடுவில் மட்டும், தனியாக, மணிக்கு 5 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் கடக்க வேண்டும். அந்தப் பெருமாள் சிலைக்குப் பழைய பாலங்களை நம்ப முடியாமல், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆற்றுக்குள்ளேயே மண்பாதை போட்டுக் கடந்தார்கள்.

காற்றாலை இறக்கைக்குத் தொல்லை வேறு. 2022-ல் சென்னைக்கு அருகே வெங்கலில் இருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போன இறக்கை 81.5 மீட்டர் நீளம், எடையோ சுமார் 25 டன்தான். அங்கே பிரச்சினை பாரமல்ல, வளைவு. சாதாரண லாரி சுலபமாகத் திரும்பும் இடத்தில் இறக்கையின் வால் கடைக்கூரையையும் மின்கம்பத்தையும் துடைத்துக்கொண்டு போகும். ஆகவே பின்சக்கரங்களைத் தனியாகத் திருப்ப ஒரு ஆள் வேண்டும். ஸ்கேமல் வண்டியின் பின்னால் உட்கார்ந்தவரின் வேலைதான், கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்தும்.

மூங்கில் கழியால் ஒயரைத் தூக்கிப் பிடிப்பவர், சக்கரத்துக்குக் கட்டை போடுபவர், பின்னால் நடந்தே வருபவர் எல்லாரும் அந்த வண்டியின் உறுப்புகள்தான். வெயிலிலும் மழையிலும் வாரக்கணக்கில் சாலையிலேயே சமைத்துச் சாப்பிட்டு வருகிறார்கள். நத்தம் சாலையில் அப்படி ஒரு வண்டி வந்தால், கொடி கட்டிய பைலட் வண்டிக்கும் டிரெய்லருக்கும் இடையில் தயவுசெய்து பைக்கை நுழைக்காதீர்கள். அந்த இடைவெளி காலி இடமல்ல. டிரைவர் பிரேக் பிடித்தால் வண்டி நிற்பதற்காக விட்டிருக்கும் தூரம் அது.