தங்கச்சி கேஸுக்கு பர்சனல் லோனா? வக்கீலுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படிங்க

அக்காள்மடம் தம்பி ஒருத்தர் போன வாரம் பேசினார். சென்னையில் வேலை. புருஷனோட பிரச்சனையாகி, தங்கச்சி கைக்குழந்தையோட ஊருக்கு வந்துட்டாங்க. ஜீவனாம்ச வழக்கு போடணும். "சென்னை வக்கீல் 60,000 கேக்குறார். லோன் போடவாண்ணா?"

நான் ஆடிட்டர், வக்கீல் இல்லை. ஆனா லோன் எடுக்கும் முன் இந்த நாலையும் பாருங்க.

1. வழக்கு எந்த ஊர்ல?
மனைவி வசிக்கும் மாவட்டத்திலேயே ஜீவனாம்ச மனு போடலாம் (பிஎன்எஸ்எஸ் 144, 145, பழைய சிஆர்பிசி 125). அப்போ ராமநாதபுரம் மாவட்டமே போதும். சென்னை வக்கீல் வந்தா ஒவ்வொரு வாய்தாவுக்கும் பயணச் செலவு உங்க தலையில். உதாரணத்துக்கு வாய்தாவுக்கு 3,000 வச்சாலும், 12 வாய்தாவுக்கு 36,000. உள்ளூர் கோர்ட்டில் தினமும் நிற்கிற வக்கீலே நல்லது.

2. இலவச வக்கீல் கிடைப்பாரா?
"எனக்கு நல்ல சம்பளம், கிடைக்காதே" என்றார் தம்பி. இங்கதான் தப்பு பண்றோம். சம்பளம் உங்களுக்கு, வழக்கு தங்கச்சிக்கு! 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் பிரிவு 12-ன்படி பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கணும். உதவி எண் 15100. அங்கே நியமிக்கும் வக்கீலுக்கு நீங்க ஃபீஸ் தர வேண்டாம்.

3. தனியா வக்கீல் வச்சா?
- பார் கவுன்சில் பதிவு எண் கேளுங்க. இ-கோர்ட்ஸ் ஆப்பில் வக்கீல் பெயர் போட்டு, குடும்ப வழக்கு நடத்துறாரான்னு பாருங்க.
- விளம்பரம் பார்த்து முடிவு பண்ணாதீங்க. வக்கீல்கள் விளம்பரம் செய்யவே விதியில் தடை.
- மொத்த ஃபீஸா, வாய்தாவுக்கு இவ்வளவா? டைப்பிங், அப்பீல் சேர்த்தா? எழுதி வாங்குங்க. பணம் வங்கி வழியா கொடுத்து ரசீது வாங்குங்க.
- "வர்ற தொகையில் 20 சதவீதம் எனக்கு" என்றால் எழுந்து வந்துடுங்க. பார் கவுன்சில் விதிப்படி அது கூடாது.
- சொந்த வழக்குக்குத் தரும் ஃபீஸுக்கு ஜிஎஸ்டி கிடையாது.

4. பேப்பர் ரெடியா?
ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ரெண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாம் பிரமாணப் பத்திரமா தரணும். பேங்க் ஸ்டேட்மென்ட், வாடகை, குழந்தையோட மருத்துவ பில் எல்லாம் ஒரே ஃபைலில் வைங்க. மனுவோடவே இடைக்கால ஜீவனாம்சமும் கேளுங்க. நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் அதை முடிக்க முயலணும்னு சட்டமே சொல்லுது. ஃபைல் பக்காவா இருந்தா, பேப்பருக்காகவே வாய்தா வாங்குறது குறையும்.

தம்பி லோனை ஓரமா வச்சுட்டார். இந்த வாரம் அண்ணனும் தங்கச்சியும் ராமநாதபுரம் போறாங்க. லோன் போட்டிருந்தா மாசாமாசம் போயிருக்கும் இஎம்ஐ, இப்போ குழந்தை பெயரில் ஆர்டியா சேரும்.

இதே நிலைமையில் இருக்கிற நண்பருக்கு இதை அனுப்புங்க. ஃபைலில் என்னென்ன வைக்கணும்னு தனி வீடியோவில் பார்ப்போம்!