சுத்தியல் தாழ்ந்திருந்தால் துப்பாக்கி பாதுகாப்பானதா? 'சிங்கிள் ஆக்‌ஷன்' பிஸ்டலின் 5 நிலைகள்

கைத்துப்பாக்கியின் பின்புறமுள்ள சுத்தியல் பின்னோக்கி இழுபட்டிருந்தால் ஆபத்து, தாழ்ந்திருந்தால் பாதுகாப்பு என்பதே பலரின் எண்ணம். 'சிங்கிள் ஆக்‌ஷன்' வகைப் பிஸ்டல்களைப் பொறுத்தவரை இந்த எண்ணமே விபத்துக்கு வழிவகுக்கக்கூடும்.

சிங்கிள் ஆக்‌ஷன் என்றால் என்ன?

இவ்வகைப் பிஸ்டலில் விசைக்கு ஒரே பணிதான் உண்டு. ஏற்கெனவே பின்னிழுக்கப்பட்ட சுத்தியலை அது விடுவிக்கிறது. அதனால் விசையைச் சிறிதளவு அழுத்தினாலே குண்டு பாய்ந்துவிடும். 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட 'எம்1911', 1935-இல் வெளிவந்த 'பிரவுனிங் ஹை-பவர்' ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்டு, இந்தியப் படைகள் பயன்படுத்திவரும் 9 மி.மீ. '1ஏ' பிஸ்டலும் ஹை-பவரின் வழிவந்ததே.

ஐந்து நிலைகள்

அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பரின் பெயரால் அறியப்படும் வகைப்பாடு பின்வருமாறு:

* நிலை 4: மேகசின் இல்லை; தோட்டா அறை காலி; சுத்தியல் தாழ்ந்துள்ளது.
* நிலை 3: தோட்டாக்களுடன் மேகசின் உள்ளது, அறை காலி, சுத்தியல் தாழ்ந்துள்ளது.
* நிலை 2: அறையில் தோட்டா உள்ளது, சுத்தியல் தாழ்ந்துள்ளது.
* நிலை 1: அறையில் தோட்டா உள்ளது, சுத்தியல் பின்னிழுக்கப்பட்டுள்ளது, பாதுகாப்புப் பூட்டு போடப்பட்டுள்ளது.
* நிலை 0: நிலை 1 போன்றதே, ஆனால் பூட்டு விடுவிக்கப்பட்டுள்ளது.

ஏமாற்றும் நிலை எது?

பார்வைக்கு அமைதியாகத் தோன்றும் நிலை 2-இல்தான் சிக்கல் உள்ளது. அந்நிலைக்கு வர, அறையில் தோட்டா இருக்கும்போதே விசையை அழுத்தி, சுத்தியலைக் கட்டைவிரலால் மெல்லத் தாழ்த்த வேண்டும். விரல் வழுக்கினால் குண்டு பாயும்.

நிலை 1 அச்சமூட்டும் தோற்றம் கொண்டது. எனினும், விசையை முழுமையாக மூடும் உறையும் இடைவிடாத பயிற்சியும் இருந்தால் மட்டுமே அது ஏற்புடையது. நிலை 3-இல் ஸ்லைடை இழுத்த பிறகே சுட முடியும் என்பதால் தாமதம் அதிகம். தவறுதலாகச் சுடும் வாய்ப்போ மிகக் குறைவு. வீட்டில் வைப்பதற்கு நிலை 4-உம் பூட்டிய பெட்டியுமே உகந்தவை.

மேகசினைக் கழற்றினால் போதுமா?

போதாது. மேகசினைக் கழற்றிய பின்னரும் அறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். மேகசின் இல்லாதபோது ஹை-பவரின் விசை இயங்காது. எம்1911-இல் அத்தகைய தடை கிடையாது. எனவே குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, முதலில் மேகசினைக் கழற்றி, அதன் பின்னரே ஸ்லைடை இழுத்து, அறையைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். இந்த வரிசை மாறினால், வெளியேறிய தோட்டாவுக்குப் பதிலாக மேகசினிலிருந்து மற்றொன்று அறைக்குள் ஏறிவிடும்.

சட்டம் சொல்வது என்ன?

2019-இல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டத்தின்படி, உயிருக்கோ பிறர் பாதுகாப்புக்கோ ஆபத்து நேரும் வகையில் துப்பாக்கியை அலட்சியமாகப் பயன்படுத்தினால் 2 ஆண்டுகள் வரை சிறை, ரூ.1 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.