மரபணுக் கடத்தி ஆய்வில் புரத உறையை அறியும் எதிர்ப்பொருள்கள்

மரபணு சிகிச்சையில் கடத்தியாகப் பயன்படும் அடினோ சார் வைரஸின் உறை, விபி1, விபி2, விபி3 என்னும் மூவகைப் புரதங்களின் 60 அலகுகளால் ஆனது. அவை ஏறத்தாழ 1:1:10 விகிதத்தில் அமைகின்றன. மூன்றிற்கும் பொதுவான கார்பாக்சில் முனையில் பி1 எதிர்ப்பொருள் பிணைகிறது. கட்டமைந்த உறையில் அம்முனை மறைந்திருத்தலின், மடிப்பவிழ்ந்த புரதங்களைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் முறைக்கே பி1 ஏற்றது.

ஏ20 எதிர்ப்பொருளோ இரண்டாம் வகை வைரஸின் கட்டமைந்த உறையோடு பிணையும். தனித்த புரதங்களோடு பிணையாது. ஆதலின் எலைசா முறையில் உறைகளை எண்ண அது உதவுகிறது. எனினும், மரபணு அடங்கிய உறையையும் வெற்றுறையையும் அது வேறுபடுத்துவதில்லை. வெற்றுறைகள் மரபணுவைக் கொண்டு செல்லா; ஆயினும் நோய்த்தடைகாப்பு மண்டலத்தைத் தூண்டவல்லன. எனவே, எலைசா தரும் எண்ணிக்கையை, பி.சி.ஆர். வழி அளந்த மரபணுத்தொகை எண்ணிக்கையோடு ஒப்பிட்ட பின்னரே கடத்தியின் தரத்தை மதிப்பிடுதல் வேண்டும்.