சைட்டேஷன் எண்ணிக்கையை எப்படிப் படிப்பது?

சமயபுரத்திலிருந்து துவாக்குடி வரை, திருச்சியைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில் ஆசிரியர்கள் கூடினால் பேச்சு, ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளமான ஸ்கோபஸில் ஏறும் பேப்பரில் வந்து நிற்கிறது. எத்தனை பேப்பர், எவ்வளவு சைட்டேஷன், ஹெச்-இண்டெக்ஸ் என்ன? மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையே பேப்பருக்கும் சைட்டேஷனுக்கும் மதிப்பெண் தருவதால் கல்லூரி நிர்வாகங்களும் இதைத்தான் கேட்கின்றன. பின்னால் வரும் ஒரு ஆய்வுக் கட்டுரை, முன்பு வந்த ஒன்றைத் தன் ஆதாரமாகக் குறிப்பிட்டால் அது ஒரு சைட்டேஷன். அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைக் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவரை வைத்துப் பார்ப்போம்.

அரவிந்த் நாராயணன் சென்னை ஐஐடியில் படித்தவர். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 2009-ல் பிஎச்.டி. முடித்தார், இப்போது பிரின்ஸ்டனில் பேராசிரியர். அவர் மாணவராக இருந்த 2006 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 10 லட்சம் டாலர் பரிசுப் போட்டி ஒன்றை அறிவித்தது. யாருக்கு எந்தப் படம் பிடிக்கும் என்று தங்கள் மென்பொருளைவிட 10 சதவீதம் துல்லியமாகக் கணிக்க வேண்டும். அதற்காகச் சுமார் 4.8 லட்சம் வாடிக்கையாளர்கள் படங்களுக்குக் கொடுத்த 10 கோடிக்கும் அதிகமான மதிப்பெண்களை, தேதியோடு வெளியிட்டார்கள். பெயர்களை நீக்கி, ஆளுக்கொரு எண் மட்டும் வைத்திருந்தார்கள்.

நாராயணனும் அவருடைய வழிகாட்டி விடாலி ஷ்மாடிகோவும் சில வாரங்களுக்குள்ளேயே ஒரு கட்டுரையை வெளியிட்டார்கள்: பெயரை எடுத்தது போதாது, ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். எப்படி? சமயபுரம் சுங்கச்சாவடியைக் கடக்கும் வண்டிகளின் பட்டியல் ஒன்று, பதிவு எண்ணை மாற்றி வெளியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பூச்சொரிதல் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பினார், விழுப்புரத்தில் நடந்த கல்யாணத்துக்கு எந்தத் தேதியில் போனார், ஆடியில் எந்த இரவு திரும்பினார் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த மூன்றுக்கும் பொருந்தும் வண்டி பட்டியலில் அநேகமாக ஒன்றுதான் இருக்கும். அது சிக்கிவிட்டால் வருடம் முழுக்க அவர் போய்வந்த கணக்கும் உங்கள் கையில்.

நெட்ஃபிளிக்ஸ் தரவில் நடந்ததும் இதேதான். ஒருவர் எட்டுப் படங்களுக்குப் போட்ட மதிப்பெண்ணும் தேதியும் தெரிந்தால் போதும். அதில் இரண்டு அடியோடு தவறாக இருந்தாலும், தேதியில் 14 நாள் வரை பிசகு இருந்தாலும், 99 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிட முடிந்தது. ஐஎம்டிபி என்ற திரைப்படத் தளத்தில் வெளிப்படையாகப் போட்டிருந்த மதிப்பெண்களோடு ஒப்பிட்டதில், ஐயத்துக்கு இடமின்றி இரண்டு பேருடைய பதிவுகள் பொருந்தின. பார்த்த படங்களிலிருந்து ஒருவருடைய அரசியலையும் மதநம்பிக்கையையும் ஊகிக்கலாம் என்பதால் இது வெறும் சினிமா விவகாரமாக நிற்கவில்லை.

முழுக் கட்டுரை 2008-ல் ஐஇஇஇ பாதுகாப்பு மற்றும் அந்தரங்க மாநாட்டில் வந்தது. மாநாட்டில் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கணினித் துறையில், அதிலும் பாதுகாப்புத் துறையில், சிறந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஜர்னலுக்குப் போவதில்லை. இந்த மாநாடு, யூஸ்னிக்ஸ் செக்யூரிட்டி, ஏசிஎம் சிசிஎஸ், என்டிஎஸ்எஸ் என்ற நான்குக்குத்தான் போகின்றன. 'ஜர்னல் பேப்பர் மட்டும் காட்டுங்கள்' என்று கேட்கும் தேர்வுக்குழு, இந்தத் துறையின் ஆகச் சிறந்த வேலையைப் பார்க்காமலே விட்டுவிடும். எனக்கு இது பெரிய அநியாயமாகவே படுகிறது.

அந்தக் கட்டுரைக்கு இதுவரை ஆயிரக்கணக்கான சைட்டேஷன்கள். ஆனால் அது உண்மையில் என்ன செய்தது என்று பார்க்க எண்ணைத் தாண்டிப் போக வேண்டும். 2009 டிசம்பரில், இந்தத் தரவை வெளியிட்டதற்காக நெட்ஃபிளிக்ஸ் மீது வழக்கு வந்தது. அமெரிக்க வர்த்தக ஆணையமும் கவலை தெரிவித்தது. 2010 மார்ச்சில், நடத்தத் திட்டமிட்டிருந்த இரண்டாவது போட்டியை நிறுவனம் கைவிட்டது. அதே வருடம் சட்டப் பேராசிரியர் பால் ஓம் எழுதிய நீண்ட கட்டுரை, பெயரை நீக்கினால் பாதுகாப்பு என்று நம்பும் சட்டங்களையே கேள்வி கேட்டது. அதற்கு நாராயணனின் ஆய்வு முக்கிய ஆதாரம். 2019-ல் அதே ஐஇஇஇ மாநாடு, காலத்தை வென்ற கட்டுரை என்று நாராயணன், ஷ்மாடிகோவ் கட்டுரைக்கு விருது கொடுத்தது. வழக்கோ, கைவிடப்பட்ட போட்டியோ எந்த சைட்டேஷன் கணக்கிலும் ஏறாது.

இப்போது ஹெச்-இண்டெக்ஸுக்கு வருவோம். இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-ல் முன்வைத்த அளவுகோல் இது. ஒருவருடைய ஐந்து பேப்பர்களுக்கு முறையே 50, 20, 9, 4, 2 சைட்டேஷன்கள் என்றால் அவருடைய ஹெச்-இண்டெக்ஸ் 4: குறைந்தது நான்கு சைட்டேஷன் பெற்ற பேப்பர்கள் நான்கு இருக்கின்றன, ஐந்து பெற்றவை ஐந்து இல்லை. முதல் பேப்பருக்கு 50-க்குப் பதில் 5,000 கிடைத்தாலும் அதே 4 தான். ஒரு துறையையே திருப்பிப் போட்ட கட்டுரைக்கும் சுமாராக எடுபட்ட கட்டுரைக்கும் இந்த அளவுகோலில் வித்தியாசமில்லை.

இன்னொரு சிக்கல், சைட்டேஷன்கள் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. 2016-ல் நாராயணனும் ஸ்டீவன் எங்கிள்ஹார்ட்டும் பத்து லட்சம் இணையதளங்களை அளந்து, நம்மை யார் யார் பின்தொடர்கிறார்கள் என்று எழுதினார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்திய ஓப்பன்டபிள்யூபிஎம் கருவியை மற்ற ஆய்வாளர்களும் எடுத்துப் பயன்படுத்தி, அந்தப் பேப்பரைக் குறிப்பிடுகிறார்கள். இது ஒரு வகை. முன்னுரையில் பத்து எண்களோடு பதினோராவதாகப் போகிறபோக்கில் ஒட்டப்படுவது வேறொரு வகை. தன் பேப்பரையே தான் குறிப்பிடுவதும், 'நீ என்னைப் போடு, நான் உன்னைப் போடுகிறேன்' என்ற ஏற்பாடும் இன்னொரு வகை. கூட்டும்போது எல்லாமே ஒன்று என்றுதான் விழுகிறது. கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் மூன்றும் ஒரே ஆளுக்கு மூன்று எண் காட்டுவது தனிக்கதை. எதையெதைச் சேர்ப்பது என்பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி.

ப்ராஜெக்ட் கைடையோ பிஎச்.டி. வழிகாட்டியையோ தேடும் மாணவருக்குக் கையில் செய்து பார்க்க ஒன்று உண்டு. கூகுள் ஸ்காலரில் அவருடைய பேப்பர் ஒன்றின் கீழே உள்ள சைட்டேஷன் எண்ணை அழுத்தினால், அதைக் குறிப்பிட்ட கட்டுரைகள் வரிசையாக வரும். ஐந்தாறைத் திறந்து, அவருடைய பேப்பரைக் குறிப்பிடும் வாக்கியத்தை மட்டும் தேடிப் படியுங்கள். அவருடைய முறையை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்களா, மறுத்திருக்கிறார்களா, இல்லை பட்டியலில் ஒரு பெயராகச் சேர்த்திருக்கிறார்களா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.